மலைல மண்ணு வெட்டறதுக்கு முன்னாடி, தவளை முட்டை போடற எடத்தை கண்டுபிடிச்சு காப்பாத்தறது எப்படி

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல், மேகமலை, களக்காடு இந்த மாதிரி மலைப்பக்கம் நிலம் வச்சிருக்கவங்க, எஸ்டேட் பாத்துக்கறவங்க, வீடோ ஹோம்ஸ்டேவோ கட்டப் போறவங்க, ரோடு வேலை எடுத்து செய்யறவங்க, உங்களுக்காகத்தான் இது. ஜேசிபி உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு மழைக்காலம் கைல இருந்தா போதும், இதுல இருக்கற முக்கால்வாசிய செஞ்சுரலாம், பெருசா காசும் ஆகாது.

மொதல்ல ஒரு விஷயம். "நான் ஓடையையும் தொடல, குளத்தையும் தொடல, அப்பறம் தவளைக்கு என்ன ஆகப்போகுது"ன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. வயக்காட்டுல கத்தற தவளைக்கு அது ஓரளவு சரி. மேற்குத் தொடர்ச்சி மலைல அது செல்லாது. இங்க பல எனம் தண்ணிக்குள்ள முட்டையே போடறதில்ல. இலை மேல, சருகுக்குள்ள, மூங்கிலுக்குள்ள, ஓடை மணலுக்கு அடியிலன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடம் இருக்கு, அந்த எடம் போச்சுன்னா பக்கத்துலயே ஆறே ஓடினாலும் அதுக்கு பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, இந்த எனங்கள்ல பல எனம் ஒரே ஒரு மலைத்தொடர்ல மட்டும்தான் இருக்கும், அங்க அழிஞ்சா உலகத்துலயே அழிஞ்ச மாதிரி.

2023-ல ஐயுசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட பட்டியலுக்காக உலகம் முழுக்க இருக்கற 8,011 நீர்நில வாழ்வன எனங்களை, அதாவது தவளை, தேரை மாதிரி உயிர்களை, கணக்கெடுத்து பாத்தாங்க, அதுல 40.7 சதவீதம் அழியற ஆபத்துல இருக்கு. முதுகெலும்பு இருக்கற உயிரினங்கள்ல இவ்வளவு மோசமான நெலமை வேற எந்த கூட்டத்துக்கும் இல்ல. முக்கியமான காரணம் நிலம் மாறிப்போறதுதான், காடு தோட்டமாகறது, தோட்டம் கட்டடமாகறது, மலைய வெட்டி ரோடு போடறது எல்லாம் அதுல அடக்கம்.

முட்டை எங்க எல்லாம் இருக்கும்

இத தெரிஞ்சுக்கிட்டாதான் மத்ததெல்லாம் புரியும், அதனால இதுல கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கறேன்.

மழை நாள் சாயங்காலம் ஆனா தேயிலைச் செடிலயும் வேலியோரத்துலயும் "டிக் டிக் டிக்"னு கேக்குமே, அதுல பெரும்பாலும் புதர்த்தவளைதான், கட்டை விரல் நகத்துல இருந்து ரெண்டு இஞ்ச் வரைக்கும்தான் சைஸே இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டும் 60 எனத்துக்கு மேல இருக்கு. இதுங்களுக்கு தலைப்பிரட்டை பருவமே வெளில கெடையாது, முட்டைக்குள்ளயே எல்லாம் முடிஞ்சு குட்டித் தவளையா வெளிய வரும். முட்டைய ஈரமான இலை மேலயோ சருகுலயோ வச்சிரும், தண்ணி வேண்டாம், ஆனா காத்துல ஈரம் கண்டிப்பா வேணும், ஏன்னா தவளை முட்டைக்கு ஓடு கெடையாது, மேல இருக்கறது வெறும் ஜெல்லிதான். நிழல் குடுக்கற ரெண்டு மரத்த வெட்டினதுல அந்த எடத்துல வெயிலும் காத்தும் நேரா வந்து விழுந்தா முட்டை காஞ்சுரும். இலங்கை மலைநாட்டுல இருக்கற இதோட சொந்தக்கார தவளைங்கள்ல பல எனத்துல பெண் தவளை தரைல சின்னதா குழி தோண்டி, முட்டைய மண்ணோட கலந்து மூடிட்டு போயிரும். அங்க ஒரு மம்பட்டி வெட்டு விழுந்தாலே அந்த வருஷத்து குட்டிங்க எல்லாம் போச்சு.

களக்காடு முண்டந்துறை பக்கம் ஈத்தை மூங்கில் காட்டுல ஒரு புதர்த்தவளை இருக்கு, வெள்ளைப் புள்ளி போட்டது. 19-ஆம் நூற்றாண்டுல பதிவு பண்ணினதுக்கு அப்பறம் நூறு வருஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படாம இருந்து, 2011-ல திரும்பக் கெடைச்சதா அறிவிச்சாங்க. உயிரோட நிக்கற மூங்கில்ல ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவுல சின்ன கீறல் இருந்தா அது வழியா உள்ள போய் முட்டை போடும், ஆண் தவளை உள்ளயே இருந்து காவல் காக்கும். அந்த கீறலை தவளையே போட முடியாது, ஏற்கனவே வேற பூச்சியோ பிராணியோ போட்டு வச்சிருக்கணும். அதனால எல்லா மூங்கிலும் ஆகாது. "மூங்கில்தானே, வெட்டினா திரும்ப வரும்"னு மொத்தமா வெட்டி எடுத்தா, கீறல் விழுந்த பழைய மூங்கில் திரும்ப வர எவ்வளவு நாள் ஆகும்னு யோசிச்சு பாருங்க.

அடுத்தது பறக்கும் தவளைங்க. ஆனைமலைல இருந்து 2000-ல புதுசா அறிவிச்ச ஆனைமலை பறக்கும் தவளை, தண்ணி தேங்கற எடத்துக்கு மேல தொங்கற இலைல நுரையால கூடு கட்டும், உள்ள பொரிஞ்ச தலைப்பிரட்டை கீழ தண்ணில விழுந்து வளரும். இதுக்கு ரெண்டும் வேணும், மேல இலை, நேர் கீழ தண்ணி. தண்ணிய விட்டுட்டு கரைல இருக்கற செடிய "க்ளீன்" பண்ணினா கூடு கட்ட எடம் இல்ல. செடிய விட்டுட்டு தண்ணிய வேற பக்கம் திருப்பினா குட்டிங்க காஞ்ச தரைல விழும்.

ஓடைத்தவளைங்கதான் மண்ணு வேலைல அதிகமா அடிபடறது. நடனத் தவளைன்னு சொல்ற குட்டித் தவளைங்க, ஆண் தவளை பின்னங்காலை ஆட்டி ஆட்டி ஜோடிய கூப்பிடும், பெண் ஓடைப் படுகைல காலாலயே பள்ளம் பறிச்சு முட்டை போட்டு சரளைக்கல்லால மூடும். இதுல ஒரு எனத்தோட தலைப்பிரட்டைங்க மணலுக்கு அடிலயே இருட்டுல வளருதுன்னு 2016-ல கண்டுபிடிச்சாங்க. அப்படின்னா மேலாப்ல பாத்தா எதுவும் தெரியாது, சும்மா சுத்தமான ஓடை மாதிரி இருக்கும். அங்க ரெண்டு லோடு மணல் அள்ளினா கூடவே ஒரு தலைமுறையும் போயிரும்.

ஊதாத் தவளைய பத்தி சொல்லாம இருக்க முடியாது. 2003-ல இடுக்கில இருந்து அறிவிச்சாங்க. வருஷம் முழுக்க மண்ணுக்குள்ள இருந்துட்டு மொத மழைக்கு சில நாள் மட்டும் வெளிய வந்து, ஓடை ஓரத்து பாறைக்குழில ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டு திரும்ப மண்ணுக்குள்ள போயிரும். தலைப்பிரட்டைங்க வாயால பாறைய கவ்விப் பிடிச்சுக்கிட்டு ஓடற தண்ணிலயே மூணு மாசத்துக்கு மேல இருக்கும். 2017-ல இதோட இன்னொரு எனத்த நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருந்து அறிவிச்சாங்க, கோவை சலீம் அலி மையத்துல இருந்த ஊர்வன ஆராய்ச்சியாளர் சுப்பிரமணியம் பூபதியோட பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. மலையோட கிழக்குச் சரிவுல இருக்கறதால அது வடகிழக்குப் பருவமழைக்குத்தான் வெளிய வரும். இத ஞாபகம் வச்சுக்கங்க, வேலைக்கு மாசம் குறிக்கறப்ப தேவைப்படும்.

மண்ண கெளறினா உண்மைல என்ன நடக்குது

சரிவுல வெட்டின மண்ணு மழைல கரைஞ்சு ஓடைக்கு வரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி வண்டல்ல அடைச்சுக்கும், அடில இருக்கற முட்டைக்கு ஆக்சிஜன் கெடைக்காது. பாறை மேல இருக்கற பாசி சேத்துல மூடிரும், அத சொரண்டித் தின்னற தலைப்பிரட்டைக்கு சாப்பாடும் இல்ல, கவ்விப் பிடிக்க சுத்தமான பாறையும் இல்ல. இதுக்கு ஓடைக்குள்ள யாரும் காலே வைக்க வேண்டாம், இருநூறு மீட்டர் மேல வெட்டின ஒரு கட்டிங் போதும்.

கனமான வண்டி திரும்பத் திரும்ப ஓடினா மண்ணு இறுகிப் போகும், மழைத்தண்ணி உள்ள எறங்காம மேலாப்ல அடிச்சுக்கிட்டு ஓடும். அதனால மழை பெய்யறப்ப ஓடைல திடீர் வெள்ளம், மழை நின்னா சீக்கிரம் வறட்சி. தலைப்பிரட்டைக்கு கால் மொளைக்கறதுக்குள்ள ஓடை நின்னு போச்சுன்னா அவ்வளவுதான். மண்ணுக்குள்ள வாழற ஊதாத் தவளைக்கு இறுகின மண்ணு வீட்டுக் கதவ அடைச்ச மாதிரி.

ரோட பத்தியும் சொல்லணும். ஆனைமலைல ரோட்டுல அடிபட்டு சாகற உயிர்கள்ல தவளைங்க நெறைய, அதுவும் மழை ராத்திரில, ஏன்னா அன்னைக்குத்தான் எல்லாம் ஜோடி தேடி கெளம்பும். பொட்டல் வெளிய தாண்டவே மாட்டேங்கற காட்டுத் தவளைங்களும் இருக்கு, அதுங்களுக்கு ஒரு அகலமான ரோடுங்கறது சுவர்தான், ரெண்டு பக்கமும் கூட்டம் பிரிஞ்சுரும்.

உங்க நெலத்துல தேடறது எப்படி

பகல்ல மொதல்ல ஒரு கை வரைபடம் போடுங்க. ஓடை, ஊத்து, மழைக்கு மட்டும் தண்ணி வர்ற ஓடைத்தடம், பாறைக்குழி, சதுப்பு, ஈத்தைப் புதர், மரம் அடர்த்தியா இருக்கற எடம் எல்லாத்தையும் குறிங்க. பிப்ரவரில காஞ்சு கெடக்கறதால "இது ஓடையே இல்ல"ன்னு சர்வேல விட்டுருவாங்க, ஆனா அந்த மழை ஓடைத்தடம்தான் பல எனத்துக்கு முக்கியம். ஊர்ல வயசானவங்கள கேளுங்க, காணி, முதுவர், காடர், குறும்பர் மாதிரி பழங்குடி மக்கள் பக்கத்துல இருந்தா கண்டிப்பா அவங்கள கேளுங்க, எந்த மழைக்கு எங்க என்ன கத்தும்னு அவங்களுக்கு தெரியற அளவுக்கு வெளில இருந்து வர்ற ஒருத்தருக்கு தெரியாது.

அப்பறம் ராத்திரி. மழை விட்ட உடனே, இருட்டினதுல இருந்து ஒரு பத்து மணி வரைக்கும் நல்ல நேரம். ஒரு எடத்துல டார்ச்ச அணைச்சிட்டு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க, மொதல்ல எல்லாம் அமைதியாயிரும், அப்பறம் ஒண்ணொண்ணா ஆரம்பிக்கும். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, தவளை கண்ணுல படலைன்னாலும் சத்தத்த வச்சே எனம் சொல்லிருவாங்க தெரிஞ்சவங்க. தென்மேற்கு மழை வாங்கற பக்கம்னா மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும், கிழக்குச் சரிவுன்னா அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், கோடை மழைக்கு ஏப்ரல்லயே ஒரு தடவை போய் பாக்கறதும் நல்லது. ஒரே ஒரு ராத்திரி போயிட்டு "எதுவும் இல்ல"ன்னு முடிவு பண்ணாதீங்க. வால்பாறை, கூடலூர் பக்கம்னா யானை நடமாட்டம் கேட்டுக்கிட்டு, தெரிஞ்ச ஆளோடதான் போகணும், காலுக்கு பூட்ஸ் வேணும், பாம்பும் அதே தவளைய தேடித்தான் வரும்.

முட்டை தேடறப்ப இலையோட மேல்பக்கம், ஓடைக்கு மேல நீட்டிட்டு இருக்கற இலை நுனி, ஈரப்பாறை, இதையெல்லாம் பாருங்க. வேகவச்ச ஜவ்வரிசி ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி தெரியும். வெள்ளையாவோ மஞ்சளாவோ காஞ்ச நுரை இலைல இருந்தா அது நுரைக்கூடு. மூங்கில்ல கீறல் இருந்தா அத பிளந்து பாக்காதீங்க, குறிச்சு வச்சுக்கங்க போதும். விழுந்து கெடக்கற மரக்கட்டைய, கல்ல பொரட்டிப் பாக்கறத தயவுசெஞ்சு விட்டுருங்க. கட்டைக்கு அடில பல வருஷமா சேந்த ஈரம் ஒரு தடவை பொரட்டினாலே கலைஞ்சுரும், படம் எடுக்கறதுக்காக இப்படி பொரட்டறவங்கள நெனச்சா எனக்கு உண்மையிலயே கோவம் வருது. கையால பிடிக்கவும் வேண்டாம், தவளை தோல் வழியாத்தான் தண்ணி குடிக்குது, கொஞ்சம் மூச்சும் விடுது, உங்க கைல இருக்கற கொசு மருந்து, சானிடைசர் எல்லாம் நேரா உள்ள போகும். ஒரு ஓடைல இருந்து இன்னொரு ஓடைக்கு போறப்ப பூட்ஸ்ல இருக்கற சேத்த தேச்சு கழுவி காய வச்சிட்டு போங்க, தவளைத் தோல்ல வர்ற பூஞ்சை நோய் அப்படியும் பரவும்.

கெடைச்ச படத்தையும் சத்தத்தையும் ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் மாதிரி வெப்சைட்ல போடுங்க, எனம் கண்டுபிடிக்க உதவுவாங்க. அரிய எனம்னு சந்தேகம் இருந்தா சரியான லொகேஷன மறைச்சுட்டு போடுங்க, இல்லன்னா அடுத்த வாரம் கேமராவோட கூட்டம் வந்து நிக்கும்.

வேலை செய்யறது எப்படி

முட்டை கெடைச்ச எடத்தையும் எல்லா ஓடைத்தடத்தையும் சுத்தி கலர் நாடா கட்டுங்க. எவ்வளவு தூரம் விடணும்னா, என்னோட கணக்குல ரெண்டு பக்கமும் குறைஞ்சது 30 மீட்டர், அதுவும் தண்ணில சேறு கலக்காம இருக்க மட்டும்தான் அது பத்தும். அமெரிக்கால 2003-ல வந்த ஒரு ஆய்வு, நீர்நில வாழ்வனங்க முட்டை போடற தண்ணில இருந்து 159 முதல் 290 மீட்டர் வரைக்கும் இருக்கற காட்ட வாழ்க்கைக்கு பயன்படுத்துதுன்னு சொல்லுது. நம்ம மலைல அவ்வளவு நெலம் ஒருத்தர்கிட்ட இருக்காது, அதனால பக்கத்து நெலத்துக்காரரோட பேசி கரையோரத்த ரெண்டு பேரும் சேந்து விடறதுதான் வழி. ஜேசிபி ஓட்டறவர கூட்டிட்டுப்போய் நாடாவ நேர்ல காட்டுங்க. பேப்பர்ல வரைஞ்ச கோடு வண்டி ஓட்டறவருக்கு தெரியாது.

பெர்மிஷன் விஷயம் சுருக்கமா. மலை கிராமம்னு அறிவிச்ச பகுதின்னா 1990-ல அமைச்ச மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தோட (ஹாக்கா) அனுமதி தேவைப்படலாம், நீலகிரில மண்ணு வெட்டற மெஷின் எறக்கவே கலெக்டர் ஆபீஸ் அனுமதி வாங்கணும். விண்ணப்பத்துலயே உங்க ஓடை வரைபடத்தையும் தவளை பதிவையும் சேத்து குடுங்க, அப்பறம் கான்ட்ராக்டர் மாறினாலும் அது ரெக்கார்ட்ல இருக்கும்.

மாசம் குறிக்கறது ரொம்ப முக்கியம். ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும் மண்ணு வேலைய முடிச்சு, கோடை மழைக்கு முன்னாடி வெட்டின எடத்த எல்லாம் மூடிருங்க. ஆனா காஞ்ச காலம்னா எல்லாம் சேஃப்னு நெனைக்காதீங்க, அந்த நேரத்துலதான் ஊதாத் தவளை மாதிரி எனங்க ஓடைக்கரை மண்ணுக்குள்ள இருக்கும். அதனால கரைல எந்த மாசமும் தோண்டக்கூடாது, மத்த எடத்துக்குத்தான் இந்த மாசக் கணக்கு. அதோட ஜனவரில ஒரு தடவை ஓடைல எறங்காம கரைல நின்னு பாருங்க, தலைப்பிரட்டை இன்னும் இருந்தா மேல்பக்கத்து வேலைய தள்ளிப் போடுங்க.

ஒரே நாள்ல மொத்த சரிவையும் செதுக்காதீங்க. கொஞ்சம் வெட்டி, தடுப்பு போட்டு, மூடி, அப்பறம் அடுத்தது. மேல்மண்ண தனியா குமிச்சு வச்சு கடைசில அதையே மேல பரப்புங்க. வெட்டின மண்ண ஓடைப் பக்கம் தள்ளிவிடறதுதான் நான் பாத்த பெரிய கொடுமை, டிப்பர் வாடகைய மிச்சப்படுத்த செய்யறது, அதுல ஒரு ஓடையே செத்துரும். குமிச்ச மண்ண தார்ப்பாய் போட்டு மூடி, கீழ்ப்பக்கம் சில்ட் ட்ராப், அதாவது வண்டல் தேங்கற குழி எடுங்க, ஒவ்வொரு பெரிய மழைக்கு அப்பறமும் அதுல சேந்த வண்டல அள்ளிப் போடணும், இல்லன்னா ரெண்டாவது மழைலயே நெரம்பி வழியும். வெட்டின சரிவுல தென்னை நார் விரிப்பு விரிச்சு வெட்டிவேர் நடலாம். தண்ணிய ஒரே கால்வாயா திருப்பி ஒரே எடத்துல கொட்ட வைக்காம நாலஞ்சு எடத்துல பிரிச்சு விடுங்க.

ரோடோ பாதையோ ஓடைய தாண்டியே ஆகணும்னா சின்ன பைப்ப போட்டு மூடாதீங்க. அடில ஓடைக் கல்லு அப்படியே தொடர்ந்து இருக்கற மாதிரி அகலமான சின்னப் பாலமா (கல்வெர்ட்) போடுங்க, தண்ணி வெளிய வர்ற எடத்துல அருவி மாதிரி குதிக்காம சமமா இருக்கணும், அப்பதான் தவளை ரெண்டு பக்கமும் போய் வரும். அழகுக்காக தடுப்பணை கட்டி தண்ணிய தேக்கறதும் வேண்டாம், ஓடற தண்ணிக்கு பழகின தலைப்பிரட்டை தேங்கின தண்ணில வாழாது.

"பரவால்ல, பக்கத்துல ஒரு குளம் வெட்டித் தந்துடறோம்", "தவளைய பிடிச்சு வேற எடத்துல விட்டுடறோம்", இந்த ரெண்டும் அடிக்கடி கேக்கற சமாதானம், ரெண்டுமே உதவாது. சருகுல முட்டை போடறதுக்கும் மூங்கில்ல முட்டை போடறதுக்கும் குளம் எதுக்கு? அதுல கம்பூசியா, திலாப்பியா மாதிரி மீன விட்டா, வர்ற ஒண்ணு ரெண்டு தலைப்பிரட்டையையும் அதுங்க தின்னுரும். எடம் மாத்தின தவளைக்கு அங்க ஏத்த எடம் இருக்குமான்னு தெரியாது, கூடவே நோயும் போகும்.

தேயிலை, காபி எஸ்டேட்ல

கட்டடம் எதுவும் கட்டலைன்னாலும் எஸ்டேட் வேலையும் நிலத்த கெளறறதுதான். ஓடைக்கரை ஓரத்து நாலஞ்சு வரிசைல களைக்கொல்லி அடிக்கறத நிறுத்துங்க, மருந்து இலைல ஒட்டறதுக்காக கலக்கற சோப்பு மாதிரி பொருள் தலைப்பிரட்டையோட செவுள பாதிக்கும். அங்க மட்டும் அரிவாளால களை வெட்டினா போதும், கூலி கொஞ்சம் கூடும், அது பரவால்ல. மருந்து டேங்க்க ஓடைல கழுவவே கூடாது. பழைய செடிய புடுங்கி புதுசா நடறப்ப கரையோரத்த விட்டுட்டு நடுங்க, சில்வர் ஓக் மட்டும் இல்லாம சோலை மரங்களையும் நிழலுக்கு வைங்க. வால்பாறைல தனியார் எஸ்டேட்டுங்களோட சேந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் இருபது வருஷத்துக்கு மேலா துண்டு துண்டா கெடக்கற மழைக்காட்ட உள்ளூர் மரக்கன்னு நட்டு மீட்டுட்டு வர்றாங்க, எந்த மரம் எந்த உயரத்துல வரும்னு அவங்ககிட்ட கேட்டு தெரிஞ்சுக்கலாம். உண்ணிச்செடிய எடுக்கறதா இருந்தாலும் ஒரேடியா வழிச்செடுக்காம காஞ்ச மாசத்துல பகுதி பகுதியா எடுத்து, காலியான எடத்துல ஒடனே நாட்டுச்செடி வைங்க. சருக கூட்டி எரிக்காதீங்க.

வேலை முடிஞ்ச அப்பறம் வர்ற ரெண்டு மழைக்காலமும் அதே எடத்துல, அதே நேரத்துல போய் நின்னு ரெக்கார்ட் பண்ணி, பழைய ரெக்கார்டோட வச்சுப் பாருங்க. முன்னாடி கேட்ட ஒரு சத்தம் காணோம்னா மொதல்ல சில்ட் ட்ராப் வழியுதான்னு பாருங்க, அப்பறம் ஓடைக்கல்ல சேறு படிஞ்சிருக்கான்னு, அப்பறம் மத்தியான வெயில் எங்க நேரா தரைல விழுதுன்னு. வெயில் விழற எடத்துல வேகமா வளர்ற உள்ளூர் செடிய அந்த மழைக்கே வச்சிரணும், அடுத்த வருஷத்துக்கு தள்ளாதீங்க.